பூந்தமல்லி மேற்குக் கம்பம்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. அம்பத்தூர் ஸ்டேஷனில் மேற்கே போகும் ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. எங்கள் கூட்டத்தில் பதினைந்து பேர். பந்து ஆடுகிறவர்கள் பதினொருவர், பார்க்கப் போகிறவர்கள் நால்வர். நான் பார்க்கப் போகிறவன். வயது நாற்பத்தாறு. பட்டணத்தில் சர்வே ஆபீஸில் நகல் எழுதும் வேலை. ஊர்க் கால்பந்துக் கோஷ்டியின் நோட்டுப் புத்தகமும் என்னிடம்தான் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் கிழக்கே போகும் ரயிலில் ஏறுகிறவனுக்கு, மேற்கே போவது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டது போல இருக்கும். ஆவடி ஐந்து மைல். மூன்றாம் வகுப்புக்கு ஓர் அணா.

போகிற இடம் பூந்தமல்லி. அந்த ஊர்க் கோஷ்டியும் எங்கள் கோஷ்டியும் இதுவரை மோதியதில்லை. அங்கே ஒரு காலத்தில் பட்டாளம் தங்கியிருந்ததால், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டம் கற்றவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். சொந்த மைதானத்தில் அவர்கள் தோற்றதில்லை என்றும் கேள்விப்பட்டேன். இதைச் சொன்னவர்கள் எல்லோரும், அதில் வேறு ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மண்பானையில் எங்கள் ஊர்த் தண்ணீரையே நிரப்பி, வாயைத் துணியால் கட்டிக் கையோடு எடுத்து வந்திருந்தேன்.

எங்கள் கோல்கீப்பர் ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயது. செங்கல் சூளையில் வேலை. அங்கே வண்டியில் கல் ஏற்றும்போது கீழே நிற்பவர் இரண்டிரண்டாக வீசுவார். மேலே நிற்பவர் பிடித்து அடுக்க வேண்டும். தவறினால் கால்விரல் நசுங்கும். அப்படிப் பழகிய கைகள். ஆனாலும் எங்கள் கோஷ்டியில் இடம் பிடிக்க அவனுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குக் காரணம் ஆட்டம் அல்ல. ஏரிக்கு எந்தப் பக்கத்தில் வீடு என்பதுதான். சேர்ந்த பிறகு ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல்தான் விட்டிருந்தான். அவன் பெண் எடுத்த ஊர் பூந்தமல்லி. மனைவியின் அண்ணன் தேவராஜ் அந்த ஊர்க் கோஷ்டியில் முன்வரிசையில் ஆடுகிறவன். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரயிலில் பேச்சும் இதையே சுற்றி வந்தது.

“இன்னாடா ஏழுமல, மாமியார் ஊட்டுக்கு வெறுங்கைய வீசிகினு போற?” என்று ஆரம்பித்தான் பின்வரிசையில் ஆடும் கன்னியப்பன்.

“அங்கேந்து வாங்கிகினு வரலாம்னு பாக்குறேன்.”

“இன்னா வாங்கிகினு வருவ? கோலா?”

பெட்டியே சிரித்தது. ஏழுமலையும் சிரித்தான். “நீ உன் ஆள வுடாம புடி மாமே. என் கதைய நான் பாத்துக்கிறேன்.”

காப்டன் பார்த்தசாரதி மட்டும் சிரிக்கவில்லை. அவன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஊரில் நெல்வயல் உள்ள குடும்பம். என் பக்கம் குனிந்து, “ரைட்டரே, நீங்க கொஞ்சம் கண்ணு வெச்சுகினு இருங்க,” என்றான். யார் மேல் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

11.38. ஆவடி. வெளியூர்க் கோஷ்டி வந்தால், அழைத்த ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டி அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு வண்டிகள் வரும் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். வெளியே நின்றது ஒன்றுதான். இரண்டாவது 12.05க்கு வந்தது.

“ஒரு மாட்டுக்கு லாடம் கழண்டுபூச்சு நைனா. சேக்காட்டாண்ட நிறுத்தி அடிச்சிகினு வரேன்,” என்றார் வண்டிக்காரர்.

எங்களை வெயிலில் காய வைக்கும் ஏற்பாடோ என்று எனக்குப் பட்டது. மாட்டின் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்வலது குளம்பில் ஆணித்தலைகள் புதிதாக மின்னின. அவர் சொன்னது உண்மைதான்.

“பாத்துட்டீங்களா? மத்த மூணு காலயும் தூக்கிக் காட்டட்டா?” என்றார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஆறு மைல். பருத்திப்பட்டுவரை பாதையில் கப்பி போட்டிருக்கிறது; பிறகு மண். பருத்திப்பட்டைத் தாண்டியதும் கூவம் ஆறு. தண்ணீர் கணுக்கால் அளவுதான், தெளிவாக ஓடியது. அடியில் இருந்த மணலை எண்ணலாம். வண்டிகள் இறங்கி ஏறுவதற்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. அக்கரையில் காடுவெட்டி. அதற்கப்பால் இரண்டு பக்கமும் மல்லிகைத் தோட்டங்கள். பூவெல்லாம் விடியற்காலையிலேயே பறித்துப் பட்டணத்துக்குப் போய்விட்டதால், நடுப்பகலில் பார்க்க அவை வெறும் புதர்களாகவே தெரிகின்றன. வண்டிச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடித் தேடி இறங்கியது. ஆடப் போகிறவர்களின் இடுப்பு என்ன ஆகும் என்று நான் கவலைப்பட, வண்டிக்காரரோ உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

“போன மாசம் செங்கல்பட்டுக்காரங்க வந்தாங்க. வரும்போது இன்னா பாட்டு, இன்னா கூத்து! திரும்பிப் போவும்போது வண்டில ஆளு கீதா எறங்கிபூட்டாங்களான்னு நான் திரும்பித் திரும்பிப் பாத்துகினே ஓட்டினேன். அவ்ளோ கம்முனு.”

“எங்களுக்குப் பாட்டே வராது அண்ணாத்தே. போவும்போதும் கம்முனுதான் போறோம், அப்பால உனக்கு வித்தியாசமே தெரியாது,” என்றான் கன்னியப்பன்.

கரையான்சாவடி முனையில் வலது பக்கம் திரும்பினோம். 2.15க்கு மைதானம் வந்து சேர்ந்தது.

பூந்தமல்லிக் கோஷ்டிச் செயலாளர் எங்களை எதிர்கொண்டார். தையற்கடைக்காரர், அறுபது வயதிருக்கும், காதில் ஊசி நூல் செருகியிருந்தார். பெரிய அண்டாவில் நீர்மோர் வைத்திருந்தார்கள். எங்கள் பானையைக் காட்டி, தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன். “மோருல இன்னாங்க கீது? உப்புதான் கீது,” என்றார் அவர். நான் பானையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. அண்டாவை வண்டிக்காரர்கள் பக்கம் நகர்த்தச் சொன்னார். வண்டிக்காரர்கள் ஆளுக்கு மூன்று குவளை குடித்தார்கள்.

2.40. நான் தனியாக மைதானத்தைச் சுற்றி வந்தேன். நீளம் என் நடையில் நூற்றாறு தப்படி, அகலம் அறுபத்தெட்டு. கிழக்கிலும் மேற்கிலும் கோல் கம்பங்கள். தரை கெட்டி, கல் இல்லை. மேற்குக் கம்பத்துக்குப் பின்னால் அறுபது தப்படியில் ஒரு வரிசைப் புளியமரம், மொத்தம் ஏழு. மரத்தடியில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். கோயிலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் மண்ணில் அகலமான சக்கரத் தடம். இவற்றை எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். மேற்குக் கம்பத்தின் வலது காலடியில் ஓர் எலுமிச்சம்பழம். நறுக்காத முழுப் பழம். அதன்மேல் குங்குமம் தடவியிருந்தது.

பழத்தை நான் தொடவில்லை. சுற்றிலும் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

3.10. புளியமரத்தடியில் ஏழுமலையும் தேவராஜும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் கையை நீட்டி முதலில் கம்பத்தையும் பிறகு மரங்களையும் காட்டினான். ஏழுமலை தலையை ஆட்டினான். மொத்தம் ஏழு நிமிஷம். காப்டனிடம் சொன்னேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

பேசிவிட்டு ஏழுமலை நேராக எங்களிடம்தான் வந்தான்.

“காப்டன், டாஸ் ஜெயிச்சா மேக்காலக் கம்பத்த எடுத்துக்கலாம். மொதப் பாதில வெயிலு நமக்கு முதுவாண்ட பூடும்.”

“யாரு சொன்னது?”

“எம் மச்சான்தான்.”

அவன் அதை ஒளிக்கவில்லை. இப்போது யோசித்தால், ஒளிக்க நினைக்கிறவன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டான். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. நான் குறுக்கிட்டேன்.

“நேரம் போகப் போக வெயில் தாழத்தானே தாழும்? முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில்தான் நேராகக் கண்ணில் அடிக்கும். முதலில் நாம மேற்கே நின்னுட்டா, அப்புறம் கிழக்கே போய் அந்த வெயிலை முழுக்க நீதான் வாங்கணும். உன் மச்சான் போட்ட கணக்கு அது.”

“அது இல்ல ரைட்டரே. ரெண்டாம் பாதில வெயிலே கெடையாதாம். அந்தப் புளியமரத்துக்குப் பின்னால எறங்கிடுமாம்.”

காப்டனை மட்டும் தனியே அழைத்துப் போய்க் கம்பத்தடியில் இருந்ததைக் காட்டினேன். அவன் இரண்டடி பின்வாங்கினான்.

“செஞ்சு வெச்சிகீறானுங்க,” என்றான் மெதுவாக. “நம்மள இந்தக் கம்பத்துல நிக்க வெக்கணும்னு மச்சான வுட்டு சொல்ல வெச்சிகீறானுங்க.”

“எனக்கும் அப்படித்தான் படுது,” என்றேன்.

திரும்பி வந்து, கிழக்குக் கம்பம் என்று காப்டன் முடிவைச் சொன்னான். காரணம் சொல்லவில்லை. ஏழுமலை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். “உங்க இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு, கையில் புழுதியை வாரித் தேய்த்துக்கொண்டே போனான்.

4.15. நடுவர் பரங்கிமலையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். அவர் அரையணாவைச் சுண்டினார். காப்டன் தலை கேட்டான். ராஜா தலையே விழுந்தது. “நாங்க கெழக்கால நிக்கிறோம்,” என்றான். எதிர்க் காப்டன், “கெழக்கேவா?” என்று மறுபடியும் கேட்டுக்கொண்டான். அவர்கள் திட்டம் கெட்டுப்போனதால் வந்த ஏமாற்றம் அது என்று நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

இனி நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். பூந்தமல்லிக்காரர்கள் பந்தைத் தரையில் கொண்டுபோகவே இல்லை. எங்கிருந்தாலும் உயரத் தூக்கியடித்தார்கள். வெள்ளையாகக் கொதிக்கும் மேற்கு வானத்துக்குள் பந்து போய் மறைந்து, எங்கள் கோலுக்குப் பத்தடி முன்னால்தான் மறுபடி கண்ணில் பட்டது. ஏழுமலை ஒரு கையை நெற்றிமேல் குடையாக வைத்துக்கொண்டு நின்றான். 4.23க்கு முதல் கோல். பந்து அவன் தோளுக்குப் பின்னால் விழுந்த பிறகுதான் திரும்பினான்.

“ஏ கோல்கீப்பரு! ஆத்தாவக் கும்பிட்டுகினே நில்லு, பந்து தானா கைல வந்து குந்தும்!” என்று எல்லைக்கோட்டிலிருந்து ஒரு குரல். கூட்டம் ஆரவாரித்தது.

அது எதிராளியின் குரல், பொறுத்துக்கொள்ளலாம். 4.36க்கு இரண்டாவது கோல் விழுந்தபோது எங்கள் பக்கத்திலேயே ஒரு குரல் எழுந்தது. எங்களோடு பார்க்க வந்திருந்த அரிசி மண்டி வேலாயுதம், “நெத்தில கை வெச்சுகினு நிக்கிறான் பாரு! மச்சானுக்கு சலாம் போடுறான்யா!” என்றான். அந்தக் கோலைப் போட்டது தேவராஜ். அவ்வளவுதான். மூன்றாவது கோல் 4.44க்கு. அப்போது எங்கள் பின்வரிசைக்காரர்களே ஏழுமலையைத் திரும்பிப் பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

இடைவேளையில் பானையைத் திறந்தேன். எல்லோரும் குடித்தார்கள். ஏழுமலை பானையருகே வந்தபோது, குவளை வேலாயுதத்தின் கையில் இருந்தது. அவன் அதைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். ஏழுமலை தானே மொண்டு குடித்தான்.

5.00க்கு இரண்டாம் பாதி தொடங்கியது. இப்போது ஏழுமலை மேற்கே. எதிர்க் கோல்கீப்பர் கிழக்கே. வெயில் தாழ்ந்து அந்த மனிதன் கண்ணைக் கட்டப் போகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 5.04க்கு மேற்குக் கம்பத்தின் மேல் நிழல் விழுந்தது. புளியமரத்தின் நிழல். 5.15க்குள் அது நடுக்கோட்டைத் தொட்டது; அடுத்த ஐந்து நிமிஷத்தில் எதிர்க் கோல்கீப்பரின் காலடிக்கே போய்விட்டது. சூரியன் ஏழு மரங்களுக்கும் பின்னால் எங்கோ இருந்தது. அந்த மனிதன் நெற்றிக்குக் கையே கொண்டுபோகவில்லை.

மச்சான் சொன்னது சரி. ஏழுமலை சொன்னது சரி. என் கணக்கில் சூரியன் இருந்தது, மரம் இல்லை.

5.21க்கு நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஏழுமலை இந்தப் பாதியில் நான்கு பந்துகளைப் பிடித்தான். அதில் ஒன்று கிடையாகப் பாய்ந்து ஒற்றைக் கையால். அது அவனுக்கு உதவவில்லை. “இப்ப மட்டும் எப்டி புடிக்கிறான்?” என்றான் வேலாயுதம். “மூணு குடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுது, இப்ப ஆடிக் காட்டுறான்.” சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெயில் விஷயத்தில் தவறியிருந்தாலும் பழம் இருக்கிறதே, அது பொய்யில்லையே என்று எனக்குள் ஒரு பிடி இருந்தது.

5.35. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். தையற்கடைக்காரர் எல்லோர் கையையும் குலுக்கினார். “பங்குனில நாங்க உங்க ஊருக்கு வரணும்ல? மோரெல்லாம் வேணாம், தண்ணி குடுத்தா போதும்,” என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்புவதற்கு வண்டி வேண்டியிருக்கவில்லை. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அன்றைக்குத்தான் புதிதாக ஒரு பஸ் விட்டிருந்தார்கள். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, விளக்குகளுக்கு நடுவில் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. கட்டணம் ஆளுக்கு ஒன்றரை அணா. 6.05க்குப் புறப்பட்டது. எங்கள் ஆட்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஏழுமலைக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாகவே வந்தது. நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்ஜின் இரைச்சலில் பின்னால் இருப்பவர்களுக்கு எங்கள் பேச்சு கேட்காது.

“தோத்துட்டீங்களா? வுடுங்க சார்,” என்றார் டிரைவர். “காலைல எங்களுக்கே அந்த மைதானத்துல ஒரே பேஜாரு. அம்மன் கோயிலாண்ட பஸ்ஸுக்குப் பூஜ போட்டோம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சு வண்டிய ஏத்துறேன். மூணு நசுங்குச்சு. ஒண்ணு மட்டும் பிச்சிகினு உருண்டுபோச்சு. மொதலாளி மூஞ்சியப் பாக்கணுமே! அப்பால வேற பழம் வெச்சு மறுக்கா ஏத்தினேன்.”

“உருண்டு போன பழம்?” என்று கேட்டேன்.

“அதுவா? குங்குமம் வெச்ச பழமாச்சே, எவன் காலாவது பட்டுடப் போவுதுன்னு க்ளீனரு எடுத்துப் போயி கோல் கம்பத்தாண்ட ஓரமா வெச்சான். ஏன் சார்?”

“ஒன்றுமில்லை,” என்றேன்.

சக்கரத் தடத்தை என் கையாலேயே நோட்டில் எழுதியிருந்தேன். கூவத்தைத் தாண்டும்போது பஸ் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் வந்த பாதை முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று பட்டது.

6.40. ஆவடி ஸ்டேஷன். ரயில் 7.12க்கு. மேடையில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் எல்லோரும் நின்றோம். ஏழுமலை பத்தடி தள்ளி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ரைட்டரே, நோட்ட எடுங்க,” என்றான் காப்டன். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. “இனிமே ஏழுமல கம்பத்துல நிக்க வேணாம்னு எழுதுங்க. காரணத்தயும் எழுதிடுங்க. மூணு பத்துக்கு மச்சான்கூட நின்னு பேசினத நீங்கதானே பாத்தீங்க? நாளைக்கு எவனும் வந்து கேக்கக்கூடாது.”

“எழுதுங்க, எழுதுங்க. இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், ஏரிக்கு அந்தாண்டேந்து...” என்ற வேலாயுதம் மீதியை விழுங்கினான்.

நோட்டைத் திறந்தேன். பென்சிலை எடுத்தேன். நேரத்தை மட்டும் எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. நான் எழுதினால் அது அப்படியே நின்றுவிடும். என் எழுத்தை எங்கள் ஊரில் யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. இரண்டு வருஷம் காத்திருந்து பிடித்த இடம் ஒரு வரியில் போய்விடும். சூளைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் அந்த வரியைச் சொல்லிக்கொண்டு போவார்.

“பார்த்தா, காரணம் நான்தான்,” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததை, கிழக்கே நிற்கச் சொன்னதை, 5.04க்கு மரநிழல் விழுந்ததை, அதைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை, கடைசியாகப் பஸ் டிரைவர் சொன்னதை. சொல்லி முடிக்க நான்கு நிமிஷம் ஆயிற்று.

“அப்ப பஸ்ஸுக்கு வெச்ச பழத்துக்கா நாம மூணு கோல் வாங்கினோம்?” என்றான் கன்னியப்பன். இரண்டு பேர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

காப்டன் சிரிக்கவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதானே நான் கேட்டேன்,” என்றான்.

“ஆமாம்.”

ஏழுமலை நகர்ந்து வந்து விளக்கடியில் நின்றான். “பழத்த வுடுங்க ரைட்டரே. அத யாரு பாத்தாலும் பயப்புடத்தான் செய்வாங்க. நானே பயந்திருப்பேன். ஆனா வெயிலு மரத்துக்குப் பின்னால பூடும்னு சொன்னேனே. தலயத் தூக்கி ஒரு தபா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏன் பாக்கல?”

மரங்களை எண்ணியே எழுதியிருந்தவன் நான். இருந்தாலும் ஒரு பதில் சொன்னேன்.

“சொன்னது உன் மச்சான்னு நினைச்சேன்.”

“இல்ல,” என்றான் அவன். “உங்களாண்ட சொன்னது நானு.”

மணி அடித்தது, ரயில் வந்தது. ஏழுமலை அடுத்த பெட்டியில் ஏறினான். கன்னியப்பன் ஒரு கணம் தயங்கிவிட்டு, அதே பெட்டிக்கு ஓடினான்.

7.30. அம்பத்தூர். இறங்கியதும் காப்டன் ஏழுமலையின் முகத்தைப் பார்க்காமலே, “வர ஞாயித்துக்கெழம பிராக்டிஸுக்கு வந்துரு,” என்றான். ஏழுமலை முன்னால் நடந்தான். கூட்டம் கலைந்தது.

ஓர் ஊருக்குப் போய்த் திரும்புகிறவன் இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பான். ஸ்டேஷன் வாசலில் நின்று நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் மைதானத்தில் மரம் இல்லை; வெயில் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். ஆனால் வடக்குக் கம்பத்துக்கு முன்னால் புல்லுக்கு அடியில் சரளைக்கல் மேடு ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தாழ்வாக வரும் பந்து அதில் பட்டால் கோல்கீப்பரின் கையைத் தாண்டி எகிறும். வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் அதில் கோல் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்து நாங்கள் கைதட்டியிருக்கிறோம். இதுவரை வந்த எந்த ஊர்க்காரரிடமும் எங்களில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. பூந்தமல்லியில் ஒருவன் தன் மைதானத்தைப் பற்றிய உண்மையை எங்களிடம் சொல்லியனுப்பினான். அதற்கு என்ன உள்நோக்கம் என்று நான் தேடினேன்.

ஏழுமலை ஏரிக்கரைப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

“பங்குனில அவங்க வராங்கல்ல, ரைட்டரே? வடக்குக் கம்பத்தாண்ட மேடு கீறத எம் மச்சானாண்ட சொல்லப் போறேன். அவங்க கோல்கீப்பருக்குத் தெரியணும். திருட்டுத்தனமா சொல்லிட்டேன்னு அப்பால பேச்சு வரக்கூடாது. அதான் மொதல்ல உங்களாண்ட சொல்றேன். வேணும்னா எழுதிக்கோங்க.”

“காப்டன் ஒத்துக்குவானா?”

“அது தெரியாது. நான் சொல்லத்தான் போறேன்.”

“நீ சொன்னா அவங்க நம்புவாங்களா?”

“மத்தவங்க தெரியாது. எம் மச்சான் நம்புவான்.”

அவ்வளவு சொல்லிவிட்டு நடந்தான். நோட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். அவன் வெள்ளை பனியன் கரைமேல் இருபது முப்பது தப்படி போயிருக்கும். கூப்பிட்டேன்.

“ஏழுமலை! சும்மா மேடுன்னு சொன்னா அவங்களுக்கு இடம் பிடிபடாது. கோல் கோட்டிலிருந்து ஒன்பது அடி. இடது கம்பத்திலிருந்து நாலு அடி. நான் அளந்திருக்கேன். சரியா சொல்லு.”